கேள்விக்காரி

குருவம்மாவின் பெயரை அந்த எந்திரம் இரண்டாகப் பிளந்துதான் மொழிபெயர்த்தது. ‘குரு’ தனியாக, ‘அம்மா’ தனியாக. நார்வே நாட்டு விமான நிலையத்தில் அவளை அழைத்துப்போக வந்த பெண் இவள் பெயர் அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு இடுப்பு வரைக்கும் குனிந்தாள். குருவம்மாவின் காதில் மாட்டிவிட்டிருந்த கருவி அந்தப் பெண் சொன்னதைத் தமிழில் சொன்னது: “வருக, ஆசான் அம்மையாரே.”

ஆசான் அம்மையாருக்கு வயது பத்தொன்பது. கோவில்பட்டி பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் இரண்டாம் வருஷம். முதல் வருஷத்துக் கணிதத் தாளில் இன்னும் தேறவில்லை.

நடக்கப்போவது உலக இளைஞர் மாநாடு. பூமியை இப்படியே உருட்டிக்கொண்டு போனால் எத்தனை நாள் தாங்கும், என்ன செய்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று நூற்றுப்பத்து நாட்டு இளவட்டங்கள் கூடிப் பேசுகிற கூட்டம். பெரியவர்கள் ஐம்பது வருஷமாக இதையே பேசி ஓய்ந்துபோயிருந்தார்கள். வரப்போகிற உலகம் உங்களுடையது, நீங்கள் கைதூக்கினால் போதும், அதை நாங்கள் சட்டமாக்கிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு நாசூக்காகக் கைகழுவிக்கொண்டார்கள். மூன்று நாள் கூட்டம். மூன்றாம் நாள் காலையில் கைதூக்க வேண்டிய தீர்மானத்தில் குருவம்மாவின் ஊர்ப் பெயர் இருந்தது. அதனால்தான் அவளுக்கு விமானச் சீட்டு வந்தது.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே கரிசல் முழுக்க இப்போது கண்ணாடிதான். மிளகாயும் பருத்தியும் நின்ற மண்ணில் வெயிலைக் கரண்டாக்குகிற பலகைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். தூசி படிந்தால் கரண்டு குறையும். அதனால் முப்பத்தெட்டாயிரம் பேர் துணியும் தண்ணீருமாக நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். தலைக்கு மேல் ஒரு வெயில், கண்ணாடியிலிருந்து எகிறி மூஞ்சியில் அடிப்பது இன்னொரு வெயில். குருவம்மாவின் அம்மா அழகுத்தாய்க்கு அங்கே ஏழு வருஷ வேலை.

கோடைக்கென்று அங்கே ஒரு பழைய சட்டம் உண்டு. கம்பத்தில் தொங்குகிற வெப்பமானி நாற்பதைத் தொட்டால் சங்கு ஊதும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் எல்லாரும் நிழலுக்குப் போய்விட வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு.

அப்புறம்தான் காப்பு வந்தது. கம்பத்தில் தொங்குகிற கருவிக்கு மனிதனைப் பற்றி என்ன தெரியும், உழைக்கிறவரையே கேட்போம், உழைப்பவர் சொல்லே கடைசிச் சொல் என்று அதற்கு ஒரு கொள்கை. ஆளுக்கொன்று மணிக்கட்டில் பூட்டிவிட்டார்கள். அரை மணிக்கு ஒரு தடவை அது அதிர்ந்து, பெண் குரலில், “இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்கும். வாயால் சொல்கிற பதிலை ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் மதிப்பெண்ணாக்கி அனுப்பிவிடும். ஒன்று என்றால் தாங்க முடியவில்லை, ஐந்து என்றால் சுகம். கம்பெனி அதற்கு வைத்த பெயர் ‘குரல் காப்பு’. கண்ணாடிக் காட்டில் வேலைசெய்கிறவர்கள் வைத்த பெயர் ‘கேள்விக்காரி’. கட்டின புருஷன் ஒரு நாளும் கேட்டதில்லை, இவள் அரை மணிக்கு ஒருக்கா கேட்கிறாள் என்று பெண்கள் சிரிப்பார்கள்.

இரண்டு கோடையில் முடிவு வந்துவிட்டது. உலகத்திலேயே வெயிலில் சௌகரியமாக இருப்பவர்கள் விளாத்திகுளத்துக்காரர்கள். நாற்பத்து மூன்று டிகிரியிலும் ஐந்துக்கு நாலு. மற்ற நாடுகளில் முப்பத்தாறுக்கே ஒன்றுக்கு இறங்கிவிடுகிறார்கள். ஆகவே தீர்மானம்: எந்த ஊர்க்காரர்கள் சௌகரியம் என்று தாங்களே சொல்கிறார்களோ அந்த ஊருக்கு மத்தியானச் சங்கு வேண்டாம். யாருக்காவது முடியாமல் போனால் காப்பிடம் சொல்லட்டும், அந்த இடத்தில் வேலையை அதுவே நிறுத்திவிடும். அப்படி நிற்கிற நேரம் அவர்களாக எடுத்துக்கொள்கிற ஓய்வு, அதற்குக் கூலி கிடையாது. மாநாட்டு வாரம் மட்டும் சோதனையாகச் சங்கை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

குருவம்மாவுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பெருமைதான். ‘வெயிலோடு கைகோத்து வாழும் மக்கள்’ என்று கல்லூரி முதல்வர் எழுதிக்கொடுத்த நாலு பக்கத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். கிளம்புகிற அன்றைக்கு அழகுத்தாய், “சோதனைன்னா ஒரு வாரந்தான? பரவால்ல. நீ நல்லாப் பேசிட்டு வா” என்று சொல்லி அனுப்பினாள்.

*

மாநாட்டில் எல்லாருக்கும் அதே காப்பு. ஊருக்குச் சொல்வதை நாமும் செய்ய வேண்டும் என்பது தலைவர் ஹெல்கா அம்மையாரின் பிடிவாதம். அறையின் சூடு, மண்டபத்தின் சூடு, எல்லாம் மணிக்கட்டைக் கேட்டுத்தான் கூடும், குறையும்.

வெளியே ஆறு டிகிரி. அறைக்குள் இருபது. இருபது டிகிரியே குருவம்மாவுக்கு மார்கழியை விட மோசம். அந்த நேரம் பார்த்து மணிக்கட்டு அதிர்ந்தது.

“ஆசான் அம்மையாரே, இப்போது எப்படி இருக்கிறீர்கள்?”

“பரவால்ல” என்றாள்.

“மிக்க நன்றி. தங்கள் பெருந்தன்மையைக் கருதி அறையின் சூட்டை ஒரு டிகிரி குறைக்கிறேன். பூமி தங்களை நினைவில் வைத்திருக்கும்.”

பூமி நினைவில் வைத்துக்கொள்கிறதோ இல்லையோ, காப்பு வைத்துக்கொண்டது. அரை மணிக்கு ஒரு தடவை கேட்டது. அடுத்த வீட்டுக்குப் போன இடத்தில் அது நொட்டை இது நொள்ளை என்று சொல்லி வளர்ந்த பெண் இல்லை குருவம்மா. அவளும் ஒவ்வொரு தடவையும் பரவால்ல என்றாள். பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு என்று இறங்கியது. கொண்டுவந்த மூன்று சுடிதாரையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். காலுறைக்கு மேல் காலுறை. தலையில் குளியல் துண்டைச் சுற்றிக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ‘வெப்பச் சிக்கனப் பட்டியல்’ ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுப்பத்து நாடுகளில் முதல் பெயர் ஆசான் அம்மையார். அவளுக்குப் பச்சை இலை ஒன்றைச் சட்டையில் குத்திவிட்டார்கள். குளிர் நாட்டில் பிறந்த பிள்ளைகளெல்லாம் வந்து மரியாதையாகக் கைகுலுக்கினார்கள். கை ஐஸ் மாதிரி இருப்பதைப் பார்த்து மரியாதை இன்னும் கூடியது.

பிற்பகல் அம்மாவைக் கூப்பிட்டாள். அங்கே வேலை முடிந்து வீடு வந்திருந்த நேரம்.

“சங்கு இல்லாம எப்படிம்மா இருந்துச்சு?”

“பரவால்லட்டி. பேச்சியக்காதான் ஒண்ணரை மணிக்குக் கண்ணாடி மேலேயே சாஞ்சுட்டா. தண்ணியத் தெளிச்சு ஒக்கார வச்சோம். கன்னத்துல லேசாச் சூடு பட்டுருக்கு. பரவால்ல, எந்திரிச்சுட்டா. நீ சாப்ட்டியா? அங்கன சோறு கெடைக்கா?”

“பச்சையா எலை குடுக்காங்க. பரவால்ல.”

*

இரண்டாம் நாள் காலையில் காதுக் கருவி கரகரத்தது. அதைச் சரிசெய்கிற மேசையில் உட்கார்ந்திருந்தவன் நிரோஷன். இருபத்தாறு வயது. அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவன் பிறந்தது நார்வேயிலேயே. மாநாட்டில் தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஒரே ஆள். தலையில் துண்டோடு வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன தங்கச்சி, குளிச்சிட்டு நேரா வாறியளோ? ஏன் இப்பிடி நடுங்குறியள்?”

“பரவால்லண்ணே.”

“பல்லுக் கிட்டுது, பரவால்லயாம். அறையில ஹீட்டர் வேலை செய்யேல்லையோ?” என்று அவள் அறை எண்ணைத் திரையில் தட்டினான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “பதினொண்டு. இதுக்குக் கீழ இறங்க விடாதபடியா நிண்டிருக்கு. பதினொரு டிகிரியிலயா படுத்தனியள்? ஆர் இதைக் குறைச்சது?”

“நான் ஒண்ணும் தொடலண்ணே. அது கேட்டுச்சு. பரவால்லன்னேன். உடனே நன்றி சொல்லிக் கொறைக்குது. இந்த ஊரு வழக்கமாக்கும்னு இருந்துட்டேன்.”

நிரோஷன் அவள் பதில்களைத் திறந்து பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான். “இருபத்தாறு தரம் கேட்டிருக்கு. இருபத்தாறு தரமும் நீங்கள் பரவால்ல. ஒவ்வொண்டுக்கும் நாலு புள்ளி. மிகச் சௌகரியம்.”

“நாலா? அது எப்படிண்ணே நாலு?”

“இந்த மெஷினுக்குத் தமிழ் படிப்பிச்சது ஆர் எண்டு நினைக்கிறியள்? சாமான் வாங்கின ஆக்கள் இணையத்தில எழுதின அபிப்பிராயம். மிக்ஸி பரவால்ல, நாலு நட்சத்திரம். படம் பரவால்ல, நாலு நட்சத்திரம். லட்சக்கணக்கில படிச்சுப்போட்டு, பரவால்ல எண்டால் நாலு எண்டு முடிவு கட்டியிட்டுது.”

“எங்க அம்மாவும் மிக்ஸியும் ஒண்ணாண்ணே?”

கேட்டுவிட்டு அவளே நின்றுபோனாள். துண்டு தலையிலிருந்து நழுவியது, எடுக்கவில்லை.

“அண்ணே, எங்க ஊர்ப் பதிலும் இதுல தெரியுமா? நேத்து ஒண்ணரை மணிக்கு, எங்க அம்மா வேலை பாக்குற வரிசை. பன்னெண்டு பொம்பளைங்க இருப்பாங்க.”

நிரோஷன் தேடி எடுத்தான். பன்னிரண்டு பதில். பன்னிரண்டும் பரவால்ல. அதில் ஒன்று மட்டும் நாலு நிமிஷம் தாமதம். கேள்விக்காரி முதலில் கேட்டபோது பதில் வரவில்லை. மறுபடி கேட்டிருக்கிறாள். அப்போது ஒரு பெண் குரல், தொண்டைக்குள்ளிருந்து, பரவால்ல என்றது. நாலு புள்ளி.

“இது பேச்சியக்கா” என்றாள் குருவம்மா. “கண்ணாடி மேல சாஞ்சு கெடந்து எந்திரிச்சவ சொன்னது இது. இதை வச்சுத்தான் நாளைக்குக் கைதூக்கப் போறாங்க.”

நிரோஷனின் சிரிப்பு போய்விட்டது.

“என்ர அம்மாவும் அப்பிடித்தான்” என்றான். “ஒப்பரேஷன் முடிஞ்சு கண் முழிச்சவுடன சொன்ன முதல் சொல்லு பரவாயில்லை. சொல்லுக்குப் பிழை சொல்லலாம் தங்கச்சி. அந்த மொழி பேசுற ரெண்டு பேர் கையொப்பம் வைச்சால் போதும், மாத்தலாம். நான் ஒண்டு, நீங்கள் ஒண்டு. ஆனா என்ன புள்ளி போடுறது?”

அங்கேதான் இழுபட்டது. அம்மா எதற்கெல்லாம் பரவால்ல சொல்வாள் என்று குருவம்மா விரல் விட்டுப் பார்த்தாள். கையில் கண்ணாடி கீறிக் கட்டுப் போட்டபோது பரவால்ல. மகள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கினபோதும் பரவால்ல. அப்பா விட்டுவிட்டுப் போனபோது பரவால்ல. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த குழம்பு ஊசிப்போயிருந்தபோதும் அவள் முகத்துக்கு நேரே பரவால்ல.

“அப்ப அதுக்குப் புள்ளியே இல்லையெண்டு வரும்” என்றான் நிரோஷன். “மூண்டு போடுவம். நடுவில நிக்கட்டும்.”

“நடுவுல நின்னா சங்கு போயிரும்ணே. ஒண்ணு போடுங்க.”

“ஒண்டெண்டால் வேலை நிண்டிடும். முப்பத்தெட்டாயிரம் பேருக்கு. விளங்குதோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“பாதியாச் சொல்லி எங்க ஆளுகளுக்கு எது நடந்துருக்கு? ஒண்ணு போடுங்க.”

இருவரும் கைரேகை வைத்தார்கள். காப்பு போட்ட அத்தனை மணிக்கட்டுக்கும் திருத்தம் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தது.

மண்டபத்துச் சுவர் உயரத்துக்கு ஒரு உலகப்படம் உண்டு. ஒவ்வொரு தொழிலாளியும் அதில் ஒரு புள்ளி. பத்து மணிக்கு, மேடையில் ஒருவர் கடல்பாசியைப் பற்றி உருகிக்கொண்டிருக்கும்போது, இந்தியாவின் தென்கோடி திடீரென்று சிவந்தது. கூட்டம் எழுந்துவிட்டது. ஹெல்கா அம்மையார் நிரோஷனைக் கூப்பிட்டு விசாரித்து, குருவம்மாவை மேடைக்கு ஏற்றினார். எழுபது வயதுக்காரி, கண்ணில் உண்மையாகவே நீர். காதுக் கருவி அவர் பேச்சைத் தமிழாக்கியது.

“ஆசான் அம்மையாரே, தங்கள் மக்களின் ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருந்த வலியை எங்களுக்குக் காட்டினீர்கள். இதோ, அவர்கள் வேலை தானாக நின்றுவிட்டது. உழைப்பவர் சொல்லே கடைசிச் சொல்.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டாவது இலையும் குத்தினார்கள். குருவம்மாவுக்கு மனசுக்குள் கொஞ்சம் பறந்ததுதான். இல்லை என்றால் பொய். அவள் அறையிலும் இப்போது பரவால்ல என்றால் சூடு ஏறியது. முதல் தடவையாக வெறுங்காலோடு நடந்து பார்த்தாள்.

*

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு அம்மாவே கூப்பிட்டாள். ஊரில் மணி பதினொன்று. பின்னால் தண்ணீர் லாரியின் இரைச்சல்.

“ஏட்டி குருவு, அங்கன போயி என்ன செஞ்சு வச்சிருக்க?”

“என்னம்மா?”

“நேத்து ஒண்ணரை மணிக்குக் கேள்விக்காரி கேட்டா. பரவால்லன்னோம். வேலை நின்னு போச்சு. சரின்னு ஒக்காந்தோம். ரெண்டு மணிக்குக் கேட்டா, பரவால்லன்னோம், திரும்ப வேலைய விடல. நெழல்ல ஒக்காந்துட்டுச் சொன்னாலும் அவளுக்கு அது நோவாம்ல. அந்தி வரைக்கும் இதே கூத்து. நீங்களா எடுத்த ஓய்வு, கூலி கெடையாதுன்னுட்டாக. நீதாங் காரணம்னு சூப்பர்வைசர் காசிராஜன் எல்லாருக்கும் சொல்லிட்டான். பேச்சியக்கா ஒன்னைய ஏசுன ஏச்சு கொஞ்சமில்ல.”

குருவம்மா கேட்டாள்: “இன்னைக்கு வேலை நடக்கா?”

“அதெல்லாம் நடக்கு. வெள்ளன வந்ததும் வரிசையா நிக்க வச்சுக் காசிராஜன் பாடம் எடுத்தாம்ல. எல்லாக் காட்டுலயும் இன்னைக்கு இதே பாடந்தானாம். பரவால்லங்கிற வார்த்தைய ஒருத்தரும் வாயில எடுக்கப்படாது. கேள்விக்காரி எப்பக் கேட்டாலும் சரி, என்ன கேட்டாலும் சரி, ‘சொகமா இருக்கு’ன்னு சொல்லணும். அவ்வளவுதான். எனக்கு வாயே வர மாட்டேங்கு. சொகமான்னு சொல்லும்போதே சிரிப்பு வந்துருது. காசிராஜன் மொறைக்கான்.”

“சிரிக்காதம்மா. பொய் சொல்லாத. தாங்கலன்னு சொல்லு.”

“சொல்லிட்டு? வீட்டுல போயிக் கால நீட்டி ஒக்காரவா?” லாரி இரைச்சலுக்கு மேல் அழகுத்தாயின் குரல் ஏறியது. “கேக்காக, கேக்காக, ரெண்டு வருசமாக் கேக்காக. நெசத்தைச் சொன்னா இவ அடுப்பு எரியுமான்னு ஒருத்தராச்சும் யோசிச்சாகளா? ஒன்னையும் சேத்துத்தாங் கேக்கேன்.”

அம்மா ஒரு நிமிஷம் மூச்சுவிட்டாள். குரல் இறங்கியது.

“சரி விடு. நீ நல்லதுன்னு நெனச்சுத்தாஞ் செஞ்ச. வெயிலுக்கு இன்னைக்குக் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தவள் பேச்சை நிறுத்தினாள். மணிக்கட்டில் காப்பு அதிரும் சத்தம் மகளுக்கும் கேட்டது. அந்தப் பெண் குரல் கேட்டது. அழகுத்தாய் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரே சுரத்தில் சொன்னாள்: “சொகமா இருக்கு.” போன் நின்றுவிட்டது.

*

ஒன்பதரைக்கு மண்டபம் நிறைந்தது. உலகப்படத்தில் இந்தியாவின் தென்கோடி பச்சைப் பசேலென்று இருந்தது. நேற்றுச் சிவந்த இடம்தான். அதற்கு முந்தின பச்சையை விட இன்றைக்கு அடர்த்தி. ஐந்துக்கு ஐந்து.

“ஒரே நாளில்” என்றார் ஹெல்கா அம்மையார். அவர் முகம் மலர்ந்திருந்தது. “ஒரே நாள் ஓய்வில் அவர்கள் முழுச் சுகம் அடைந்துவிட்டார்கள். கேட்டோம், நிறுத்தினோம், குணமானது. இந்த முறையின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தீர்மானத்தைக் கைதூக்கலுக்கு விடுகிறேன்.”

நூற்றுக்கணக்கான கைகள் மடியிலிருந்து எழத் தயாராயின. குருவம்மா எழுந்து நின்றாள். மனப்பாடம் செய்த நாலு பக்கத்தில் ஒரு வரி கூட ஞாபகம் இல்லை.

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றாள். “அந்தப் பச்சை நெசம் இல்ல. சொல்லச் சொல்லியிருக்காங்க, சொல்லுதாங்க. நேத்து நான் செஞ்சதும் தப்புதான். வேலை நின்னா கூலி நிக்கும்னா எவளும் உண்மையச் சொல்ல மாட்டா. எந்த வார்த்தைக்கு எத்தனை புள்ளி போட்டாலும் நாளைக்கு வேற வார்த்தை வந்துரும்.”

“அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?”

“எங்க ஆளுகளக் கேக்காதீங்க. வெயிலக் கேளுங்க. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதுக்கு வீட்டுல அடுப்பும் கெடையாது. நாப்பது வந்தா சங்க ஊதுங்க, கூலியக் குடுங்க. முன்னால இருந்ததுதான். அது போதும்.”

மொழிபெயர்ப்பு நூற்றுப்பத்து நாட்டுக் காதுகளுக்கும் போய்ச் சேர ஒரு நொடி ஆனது. அப்புறம் ஒரு முணுமுணுப்பு. ஏழைகளின் குரலைப் பறிப்பதா என்று ஒருவன் எழுந்து கேட்டான். அவன் உடுத்தியிருந்தது சணல் சட்டை, அதில் நாலு இலை. இன்னொருத்தி, ஒரு தொழிலாளியின் மகளே இப்படிப் பேசுவது தனக்கு வேதனையாக இருக்கிறது என்றாள். அவளுக்கு உண்மையாகவே வேதனைதான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

ஹெல்கா அம்மையார் கையுயர்த்தி அமைதிப்படுத்தினார். கெட்டவர் இல்லை. ஒரு கொள்கையை நாற்பது வருஷம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டவர்.

“ஆசான் அம்மையாரின் கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உழைப்பவரைக் கேட்காமல் உழைப்பவரைப் பற்றி முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆகவே அவர்களையே கேட்டுவிடுவோம். இப்போதே, இந்த மண்டபத்தில் எல்லாரும் கேட்கும்படி.” நிரோஷன் பக்கம் திரும்பினார். “கேள்வி இதுதான்: உங்களைக் கேட்பதை நாங்கள் நிறுத்திவிடலாமா, தொடர வேண்டுமா?”

நிரோஷன் ஒரு தடவை குருவம்மாவைப் பார்த்தான். பிறகு கேள்வியைத் தமிழில் ஏற்றி அனுப்பினான். ஊரில் அப்போது பகல் ஒரு மணி. முப்பத்தெட்டாயிரம் மணிக்கட்டுகள் ஒன்றாக அதிர்ந்திருக்கும்.

முதல் பதில் ஒலிபெருக்கியில் வந்தது. ஒரு ஆண் குரல்.

“சொகமா இருக்கு.”

இரண்டாவது, ஒரு பெண். “சொகமா இருக்கு.”

“சொகமா இருக்குங்க சார்.”

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒவ்வொருவர் காதிலும் அவரவர் மொழியில் அந்தச் சொல் விழுந்துகொண்டிருந்தது. நிறுத்தலாமா, தொடரலாமா? சுகமாக இருக்கிறது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

நாலாவது குரலுக்கு மூச்சு வாங்கியது. “சொகமா... இருக்கு.”

ஐந்தாவதில் இரண்டு பேர் இருந்தார்கள். “என்னமோ புதுசாக் கேக்குதேக்கா, நிறுத்தவா வேண்டாமாங்குது.” “அது என்னமுங் கேட்டுட்டுப் போகுது. நீ சொகமா இருக்குன்னு சொல்லு.” “சொகமா இருக்கு.”

சிரிப்பு அங்கே அறுந்தது. சணல் சட்டைக்காரன் வாயை மூடிக்கொண்டு மேசையைப் பார்த்தான். குரல்கள் வந்துகொண்டே இருந்தன. கிழவர், இளவட்டம், இருமிக்கொண்டே ஒருவர். எட்டாவதோ ஒன்பதாவதோ குரல் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது. குருவம்மா முன்னிருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும்.

திரையின் அடியில் எந்திரம் தன் கணக்கை எழுதியது. கேள்விக்குப் பொருந்தும் பதில்: பூஜ்யம். சௌகரிய அளவு: ஐந்துக்கு ஐந்து.

ஹெல்கா அம்மையார் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒலிவாங்கி திறந்திருப்பது ஞாபகம் இல்லாமல் நிரோஷனிடம் எதையோ கேட்டார். அவன் தன் சொந்தப் போனை எடுத்துப் பார்த்துச் சொன்னதுதான் எல்லாருக்கும் கேட்டது. விளாத்திகுளத்தில் இப்போது நாற்பத்து நாலு டிகிரி.

கைதூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தூக்கவும் யாரும் இல்லை. குரல்கள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நிரோஷன் தன் மேசையிலிருந்து எழுந்து குருவம்மாவின் பக்கமாக வந்து, குனிந்து, காதோடு கேட்டான்.

“நிப்பாட்டவோ தங்கச்சி? இன்னும் முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் கிடக்கு.”

“வேண்டாம்ணே” என்றாள் அவள். “கேக்கணும்னுதான ஆசைப்பட்டாங்க. கேக்கட்டும்.”